வெளிநடப்பு செய்து வாங்கிய அறை

கோடையில் ஒரு சனிக்கிழமை. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான். மகளோடு போய், வீடு செய்து தரும் கம்பெனியில் அவள் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்ட வேண்டும்.

"வாயைத் தொறக்கக் கூடாதுங்ப்பா. சும்மா தலையாட்டினாப் போதும்," என்றாள்.

மில் தொழிற்சங்கத்தில் காலம் பூராவும் தலையை இடம் வலமாக மட்டுமே ஆட்டிப் பழகியவனிடம் கேட்கிற காரியமா இது?

'வீடு செய்து தரும்' என்று எழுதியது கைத்தவறல்ல. இங்கே டெக்சாசில் பட்ஜெட் குறைந்தவர்களுக்கு வீட்டைக் கட்டுவதில்லை. தொழிற்சாலையில் இரண்டு பாதியாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, மனையில் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். பிரிஸ்கோவைத் தாண்டி ஒரு பொட்டல் வெளியில் மகளும் மாப்பிள்ளையும் மனை வாங்கியிருந்தார்கள். வாங்கியதோடு கையிருப்பு காலி. ஆகவே லாரி வீடு.

"லாரில வந்தா அது வீடா, லோடா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

கம்பெனி தேர்ந்தெடுக்க முதலில் என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள்.

முதல் கம்பெனியின் மாதிரி வீட்டில் நான் நடந்தேன். சமையலறையில் தொங்கிய விளக்கும் கூடவே ஆடி ஆடி நடந்தது. வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது கம்பெனியில் விலை அடிமாட்டு விலை. ஆனால் லாரி வாடகை தனி, ஏசி தனி, வாசற்படி தனி. "வாசப்படி தனியா? அப்ப வீட்டுக்குள்ள குதிச்சுப் போறதா? செவுராச்சும் சேர்த்தியா?" என்று கேட்டேன். மகள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். அன்றோடு என்னைத் தேர்வுக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

மூன்றாவது கம்பெனி நேர்மையானது. எது சேரும், எது சேராது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். தரையும் ஆடவில்லையாம். ஒரே சிக்கல்: பட்ஜெட்டுக்கு இரண்டு படுக்கையறைதான் வந்தது. ஒன்று மகளுக்கும் மாப்பிள்ளைக்கும். இன்னொன்று பேத்தி நிலாவுக்கு.

என் அறை பட்ஜெட்டுக்கு வெளியே நின்றது.

இர்விங்கில் இப்போதிருக்கும் அபார்ட்மென்டில் நானும் நிலாவும் ஒரே அறை. "தாத்தா, யூ சவுண்ட் லைக் எ லீஃப் ப்ளோயர்!" என்பாள் காலையில். தெருவில் இலைச் சருகை ஊதித் தள்ளும் மெஷின் அது. என் குறட்டைக்கு அவள் வைத்த பெயர்.

"புது வீட்ல ஹால்ல ஒரு கர்ட்டன் போட்டுக்கலாங்ப்பா. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ரூம் சேர்த்து எடுத்துக்கலாம்," என்றாள் மகள்.

கர்ட்டன்! நான் என்ன, ஆஸ்பத்திரி வார்டில் பதினொன்றாம் நம்பர் படுக்கையா?

அறை இல்லையென்றால் ஊருக்கே போய்விடுவேன் என்று அறிக்கை விட்டேன். விட்டேனே தவிர, கோயம்புத்தூரில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் எனக்காக யாரும் இல்லை. மனைவி போய்விட்டாள். தோழர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேர் வசதியாகிவிட்டார்கள். உண்ணாவிரதப் பந்தலில் என் பக்கத்தில் படுத்திருந்தவன் இன்று கல்யாண மண்டபம் வைத்திருக்கிறான். பிரியாணிக்குப் பேர் போன மண்டபம்.

இதெல்லாம் மகளுக்கும் தெரியும். அதனால்தான் எதை வெட்டினால் அப்பாவுக்கு ஓர் அறை வரும் என்று அந்த வீட்டு வரைபடத்தையே வைத்துக்கொண்டு மாய்ந்துகொண்டிருந்தாள். வெட்ட ஒன்றுமில்லை.

கையெழுத்துப் போடும் நாளில் மாப்பிள்ளைக்கு ஆபீசில் ஆன்-கால் டியூட்டி. துணைக்கு வேறு ஆள் இல்லாததால் எனக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது.

கம்பெனி ஆபீசில் டெபி என்ற பெண்மணி வரவேற்றார். "ஹாய், வெட்டி!"

என் மகள் பெயர் வெற்றிச்செல்வி. புரட்சி வெல்லும் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர். இந்த ஊர்க்காரர்கள் அதை இப்படி ஆக்கிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால், புரட்சிக்கும் அதுவேதான் நடந்தது.

உட்கார்ந்தோம். மகள் கடைசியாக ஒருமுறை கேட்டாள். "அப்பாவுக்கு ஒரு சின்ன ரூம்... ஏதாவது பண்ண முடியுமா, டெபி?"

"ஐ விஷ் ஐ குட், ஹனி," என்று கையை விரித்தார் டெபி. இன்று கையெழுத்துப் போட்டால்தான் தொழிற்சாலை வரிசையில் இடமாம். விட்டால் அடுத்த இடம் வசந்த காலத்தில். அபார்ட்மென்ட் ஒப்பந்தமோ இந்த வருடக் கடைசியில் முடிகிறது.

மகள் பேனாவை எடுத்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் பேச்சுவார்த்தை நடத்தத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் படிப்பில் இதையெல்லாம் சொல்லித் தரமாட்டார்கள். நான் கல்லூரி வாசலில் கூட்டம் போட்டிருக்கிறேனே தவிர உள்ளே போனதில்லை. துண்டுப் பிரசுரம் படித்தே வளர்ந்தவன். ஆனால் ஒரு நிர்வாகத்தை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியும்.

எழுந்து நின்றேன். "வீ வாக் அவுட்!" என்றேன்.

வெளிநடப்புக்கென்று ஒரு வேகம் இருக்கிறது, நண்பர்களே. வேகமாக நடந்தால் கோபம் என்று நினைப்பான், மெதுவாக நடந்தால் தயக்கம் என்று நினைப்பான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடுவாந்திரமாக நடக்க வேண்டும். மில் கேட்டைத் தாண்டுவதற்குள் பர்சனல் மேனேஜர் பின்னாலேயே ஓடி வருவார். "தலைவரே, என்ன இது? ஒரு டீ சாப்டுட்டுப் போலாம், வாங்க!" டீ என்றால் இரண்டாம் சுற்று என்று அர்த்தம். ஒருமுறைகூட நான் கேட்டைத் தாண்டியதில்லை.

இங்கே முதல் சிக்கல், கேட் கிடையாது.

கண்ணாடிக் கதவு தானாகவே திறந்து வழிவிட்டது. வெளியே ஒரு மைதானம். அதில் பிக்கப் டிரக்குகள், வரிசையாக மாதிரி வீடுகள். எதுவரை நடந்து எங்கே நிற்பது? நடந்துகொண்டே இருந்தேன். யாரும் ஓடி வரவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

மகளும் வரவில்லை.

கண்ணாடி வழியே தெரிந்தாள். நெற்றியில் கை வைத்திருந்தாள். டெபி எதையோ காட்ட, குனிந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பெற்ற பிள்ளையே கருங்காலி!

திரும்பி உள்ளே போகலாம்தான். ஆனால் வெளிநடப்பு செய்தவன் தானாக உள்நடப்பு செய்ததாக எந்தப் பிரசுரத்திலும் நான் படித்ததில்லை. ஆகவே போராட்டத்தின் வடிவத்தை மாற்றினேன். ஒரு மாதிரி வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்து தர்ணாவைத் தொடங்கினேன்.

டெக்சாஸ் வெயில் எந்தக் கட்சியும் சாராதது. எல்லோரையும் ஒரேமாதிரி வறுக்கும். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

வீடு பார்க்க ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். வழியில் நான். "சார், ஆர் யூ ஓகே?" என்றார் அந்த அம்மா.

"நோ ரூம்," என்றேன். "ஃபேமிலி ஹவுஸ். பட் நோ ரூம் ஃபார் ஃபாதர்."

இருவரும் அந்த வீட்டை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே போகாமலே திரும்பிப் போய்விட்டார்கள்.

சரி, பிரச்சாரம் வேலை செய்கிறது!

அதைப் பார்த்துவிட்டு டெபி தண்ணீர் பாட்டிலோடு வந்தார். என் பக்கத்தில் குனிந்து, குழந்தையிடம் பேசுவதுபோல, "தண்ணி குடிக்கிறீங்களா, ஸ்வீட்ஹார்ட்?" என்று கேட்டார்.

இந்தத் தந்திரமெல்லாம் எனக்குத் தெரியாதா? "நோ வாட்டர்," என்றேன். "ஃபர்ஸ்ட் ரூம். தென் வாட்டர்."

"எந்த ரூம்?"

"மை ரூம்."

"உங்க ரூம் எங்க இருக்கு?"

"தட் ஈஸ் தி குவெஸ்சன்!" என்று கையை உயர்த்தினேன்.

டெபி இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியை எடுத்து மெதுவாக ஏதோ பேசினார். சிறிது நேரத்தில் கால்ஃப் வண்டி ஒன்று வந்தது. அதிலிருந்து பெரிய தொப்பியும் பூட்சும் போட்ட ஓர் ஆஜானுபாகு இறங்கினார். மேனேஜர் ராய். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது! என் முன்னால் முட்டி போட்டார். என் வரலாற்றில் எந்த மேனேஜரும் முட்டி போட்டதில்லை. எனக்கே சங்கடமாகப் போய்விட்டது.

"சார், இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

பேச்சுவார்த்தையைத் திசை திருப்பப் பார்க்கிறான். நான் பதில் சொல்லவில்லை.

"இந்த நாட்டோட பிரசிடென்ட் யாருன்னு சொல்ல முடியுமா?"

இது கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "எனி பிரசிடென்ட்," என்றேன், "சேம் முதலாளி!" முதலாளி என்ற சொல்லுக்கு அந்த நேரத்தில் இங்கிலீஷ் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

ராய் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

அப்போதுதான் மகள் ஓடி வந்தாள். "அப்பா! வெயில்ல என்னங்ப்பா பண்றீங்க? கார்ல உக்காந்திருப்பீங்கன்னு நெனச்சேன்!"

ராய் எழுந்து அவளை ஓரமாக அழைத்துப்போய், துக்க வீட்டில் பேசும் குரலில் கேட்டார். "இவர் எவ்வளவு நாளா இப்படி இருக்கார்?"

மகள் என்னைப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். கால்ஃப் வண்டியைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டு இங்கிலீஷில் சொன்னாள்.

"எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ராயின் கண் கலங்கிவிட்டது. "எங்கம்மாவும் இப்படித்தான் இருந்தாங்க. வீட்டுக்குள்ளயே நின்னுக்கிட்டு என் ரூம் எங்கன்னு கேப்பாங்க," என்றார். என்னைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினார்கள். மைதானம் முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்வலம் என்றால் கை தானாக உயரும். உயர்த்தினேன். ஒரு குழந்தை டாட்டா காட்டியது.

உள்ளே ராய் தொழிற்சாலைக்குப் போன் போட்டு நெடுநேரம் பேசினார். அவர்கள் பேசுகிற டெக்சாஸ் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபடும். ஆனால் வைத்துவிட்டு அவர் சொன்னதில் 'ரூம்' என்ற சொல் இருந்தது. 'சேம் பிரைஸ்' என்ற சொல்லும் இருந்தது. டெபி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் கையெழுத்துப் போட்டாள்.

"நான் சொன்னேன்ல?" என்றேன்.

"தயவு செஞ்சு தண்ணியக் குடிங்க," என்றாள்.

இப்போது குடிக்கலாம். குடித்தேன்.

காரில் ஏறியதும் மார்பை நிமிர்த்திக் கேட்டேன். "நிர்வாகம் பணிஞ்சுதா, இல்லையா, அம்மிணி?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். "வயசானவங்களுக்குன்னு அவங்ககிட்ட ஒரு பிளான் இருக்குங்ப்பா. ஒரு ரூம் கூடுதல். பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி. வாசப்படிக்குப் பதிலா சாய்வுப் பாதை. அதை நம்ம விலைக்கே தர்றாங்க. உங்களுக்கு மூளை குழம்பிடுச்சுன்னு நெனச்சு."

"என்னது! திருப்பிக் குடு! சலுகை எனக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது உரிமை!"

"சரிங்ப்பா. அப்ப கர்ட்டன் என்ன கலர்ல வாங்கட்டும்?"

சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் மாப்பிள்ளைக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. சாதுவான பையன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். "மாமா, அடுத்த மாசம் கார் வாங்கப் போறேன். நீங்களும் வந்து ஒரு அஞ்சு நிமிஷம் வெயில்ல நின்னீங்கன்னா நல்லாருக்கும்," என்றான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வீடு இரண்டு லாரியில் வந்து இறங்கியது. ராய் நேரிலேயே வந்திருந்தார். மகள் என் காதில் கிசுகிசுத்தாள். "அப்பா, கொஞ்சம் முடியாதவரு மாதிரி உக்காந்திருங்க. ரொம்பத் தெளிவா ஏதும் பேசிடாதீங்க."

"நடிக்கச் சொல்றியா? அதெல்லாம் என்னால முடியாது," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

நேராக லாரிக்காரர்களிடம் போனேன். சாப்பாட்டு இடைவேளை உண்டா, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் உண்டா, சங்கம் உண்டா என்று விசாரித்தேன். இல்லை என்றார்கள். அங்கேயே லாரிப் படியில் ஏறி நின்று, ஒற்றுமையின் அவசியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். இங்கிலீஷ் தீர்ந்துபோனதும் தமிழில் தொடர்ந்தேன்.

ராய் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மகளின் தோளைத் தட்டி, "பாவம், கொஞ்சம் அதிகமாயிருக்கு," என்றாராம்.

நான் நடிக்கவே இல்லை. தேவைப்படவும் இல்லை.