அளந்தியா

கதை அளக்கிறவர்கள் நிறைந்த இந்த உலகத்தில், எதையும் நிஜமாகவே அளந்து பார்த்த ஒரே மனிதன் எங்கள் ஆராய்ச்சி மாணவர் விடுதியில்தான் இருந்தான். அதுவும் என் அறையில், என் தலைவிதியாக.

பழனி அடிவாரத்தில் அவன் குடும்பத்துக்குப் பஞ்சாமிர்தக் கடை. ஒரு நாள் அவனைக் கல்லாவில் உட்கார வைத்தபோது, மலையிறங்கி வந்த பக்தர் ஒருவர், "எத்தனை நாள் தாங்கும் தம்பி?" என்று கேட்டிருக்கிறார். "ஃபிரிட்ஜ்லயா, வெளியவா? வெளியன்னா எந்த ஊர்ல?" என்று இவன் விசாரணையை ஆரம்பித்ததும் பக்தர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். "நீ இங்க இருந்தா யாவாரம் படுத்துரும். படிக்கவே போயிரு சாமி" என்று அவன் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

விடுதியில் யார் ஆய்வுக்கட்டுரை எழுதினாலும் அவனிடம் மாட்டிக்கொள்வார்கள். 'மிகச் சிறந்த செயல்திறன்' என்று எழுதியிருந்தால், "மிகன்னா எவ்வளவு? அளந்தியா?" என்பான். அந்தக் கேள்வியே அவனுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. சாம்பாரில் உப்பு அதிகம் என்று மெஸ்ஸில் ஒருவன் முணுமுணுத்தபோதும் விடவில்லை. "எதைவிட அதிகம்?" என்றான். முணுமுணுத்தவன் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போனான்.

எனக்கோ அப்போது கழுத்தில் கத்தி. ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். பதிவுக் காலமோ அந்த வருடத்தோடு முடிகிறது. தவறவிட்டால் கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் போளூருக்குத் திரும்பி அப்பாவோடு பூண்டு பிடுங்க வேண்டியதுதான்.

என் ஆராய்ச்சியும் பூண்டுதான். மலைப்பூண்டை உலர்த்த, வெயிலில் இயங்கும் பெட்டி ஒன்றைச் செய்து போளூரில் எங்கள் வீட்டு வாசலில் வைத்திருந்தேன். வாரக் கடைசியில் போய் எடை போட்டு வருவேன். மற்ற நாட்களில் அம்மா பார்த்துக்கொள்வார். முடிவுகள் அபாரமாக வந்தன. மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி கவிந்து கிடந்த வாரத்திலும் பூண்டு கலகலவென்று காய்ந்திருந்தது. 'எல்லா வானிலைக்கும் ஏற்ற உலர்த்தி' என்று தலைப்பு வைத்தேன். கைடு படித்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அளந்தியா தட்டவில்லை.

"ஏலே, மஞ்சுல வச்சா அப்பளமே நமுத்துப்போவும். பூண்டு எப்பிடிக் காஞ்சுச்சு?"

"அதுதான் டிசைன் மாப்ளே."

"மஞ்சு நேரத்துல பெட்டிக்குள்ள சூடு எவ்வளவு? அளந்தியா?"

"பூண்டுதான் காஞ்சு கெடக்கே, அப்புறம் என்ன?"

"நாளைக்கு வெள்ளனே கெளம்பு. உங்க ஊருக்குப் போறோம்."

கொடைக்கானலில் பஸ் மாறி, வார நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் நாங்கள் போளூர் போய்ச் சேர்ந்தபோது, எதிரே வருகிறவர் முகம் தெரியாத அளவுக்கு மஞ்சு. பெட்டியைத் திறந்தேன். காலி! "ஐயோ, பூண்டக் காணோம்!" என்று அலறினேன்.

"ஏன்டா கத்துற? இங்கதான் கெடக்கு" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

உள்ளே ஓடினால், அடுப்புக்கு மேலே பரணில், புகைக்கு நடுவில், கட்டுக்கட்டாக என் ஆராய்ச்சி.

"மஞ்சு எறங்குனா பெட்டிக்குள்ள வேர்த்துக் கொட்டுதுப்பா. அப்பிடியே விட்டா முளைச்சிராதா? அதான் பரண்ல ஏத்தி மூட்டம் போட்டுருவேன். நீ வார அன்னைக்கு வெரசா எறக்கிப் பெட்டியில வச்சிருவேன். புள்ளை படிப்புல்ல!"

பூண்டை அடுப்புப் புகையில் போட்டு வைப்பது எங்கள் மலையில் வீட்டுக்கு வீடு உள்ள பழக்கம். அதில் ஆராய்ச்சிக்கு என்ன கெடுதல் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அளந்தியாவோ குஷியாகிவிட்டான்.

"எவ்வளவு நேரம் புகை போடுவீங்கம்மா?"

"கண்ணு எரியுற வரைக்கும் தம்பி."

"யாரு கண்ணு?"

அம்மா என் பக்கம் திரும்பி, "உன் கூட்டாளிக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று மெதுவாகக் கேட்டார்.

வேறு ஊர்க்காரன் படித்துவிட்டு அப்படியே செய்து பார்க்க முடிந்தால்தான் அது கட்டுரை. ஊருக்கு ஊர் கண் வேறு என்பது அவன் வாதம். தெர்மாமீட்டரோடு பரணுக்குப் பக்கத்தில் ஏணி போட்டு ஏறிவிட்டான். என்னை வாசலில் பெட்டிக்குக் காவல் வைத்தான். அந்தப் பூண்டு காய்கிற வரையில் நாங்கள் விடுதிக்குத் திரும்பவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுகியபடி அவன் எண்களைக் கத்துவான், நான் எழுதுவேன். அவனுடைய சொந்தக் கட்டுரை அறையில் பாதியில் கிடந்தது. "உன் சோலி கெடக்கே மாப்ளே" என்றால், "அது எங்கயும் ஓடாது. மஞ்சுதான் ஓடிரும்" என்பான்.

கட்டுரையை முதலிலிருந்து எழுதினேன். வெயிலில் பெட்டி, மஞ்சில் பரண். பெட்டி மட்டும் இருந்தால் மஞ்சுக்கு உதவாது என்று பச்சையாகவே எழுதினேன். கைடு விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். முதல் இதழ் திருப்பி அனுப்பியது. இரண்டாவது இதழ், பதிவுக் காலம் முடியப்போகிற நேரத்தில், பரணின் வெப்பநிலை அட்டவணை உண்டா என்று கேட்டது. அதைத்தான் அவன் கண்ணீரும் கம்பலையுமாக எடுத்துத் தயாராக வைத்திருந்தானே! கட்டுரை ஏற்கப்பட்டது. நான் பூண்டு பிடுங்கப் போகவில்லை.

அவனையும் ஆசிரியராகச் சேர்க்கிறேன் என்றேன். "பெட்டி உன்னோடது, பரண் அம்மாவோடது. நான் சும்மா அளந்தேன்" என்று மறுத்துவிட்டான். சரி, கட்டுரையின் கடைசியில் நன்றியாவது சொல்லலாமென்று 'மிகப் பெரிய உதவி செய்த நண்பன்' என்று எழுதிக் காட்டினேன். பேனாவை வாங்கி 'மிகப் பெரிய' என்பதை அடித்தான்.

"மிகப் பெரியன்னா எவ்வளவு? அளந்தியா?"

வெறும் 'உதவி' என்றே அச்சாகி வந்தது.

இந்தப் பத்தியை அவனிடம் காட்டாமல்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அது மிகப் பெரிய உதவி, மாப்ளே. அளக்கவில்லை.