கல்லுக்குக் கட்டிய கூறைப்புடவை

நடைமுறை தெரியாதவன் தவறு செய்தால் ஒரு மெமோவோடு போய்விடும். எல்லா நடைமுறையும் தெரிந்தவன் செய்தால் அது ஆயுசுக்கும் கூடவே வரும். நான் இரண்டாவது வகை.

ஐம்பதுகளில் செங்கல்பட்டு தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தெற்கே போய்ப் பழைய இடங்களையும் பார்க்கட்டும் என்று மேலிடத்துக்குத் தோன்றியது. அங்கங்கே சரித்திரக் குறிப்புக் கல் நட உத்தரவு வந்தது. சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் டச்சுக்காரர்களின் துணிக் கிடங்கு இருந்ததாம். (ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. சர்க்கார் சொன்னால் இருந்ததுதான்.) அங்கே கல் நடுவது என் பொறுப்பு. சனிக்கிழமை கலெக்டர் வந்து திரையை விலக்குவார்.

கல் வியாழக்கிழமையே நட்டாயிற்று. திரைக்குத்தான் துணி இல்லை. அனுமதி கேட்டால் அது வருவதற்குள் கலெக்டருக்கே மாற்றல் வந்துவிடும். ஆபீஸ் மேஜை விரிப்பிலோ மைக்கறை.

எனக்கு அந்த வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடி பிறந்ததும் வழக்கப்படி என் மனைவி கோமளாவைத் திருப்போரூரிலிருந்த பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அவள் கூறைப்புடவை மட்டும் என் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அரக்குச் சிவப்பு, அகல ஜரிகை. ஆடிப்பெருக்கன்று தாலிக்கயிறு மாற்றும்போது அதைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும், மறக்காமல் எடுத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பெருக்கு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை திரை, ஞாயிற்றுக்கிழமை புடவை. இதைவிடச் சிக்கனமான நிர்வாகம் உண்டா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

திறப்புக்கு முன் கல்லை யாரும் படித்துவிடக் கூடாதென்று வியாழன் மாலையே போர்த்தினேன். சும்மா சுற்றினால் கடற்காற்றில் பறக்கும். கொசுவம் வைத்து இடுப்பில் செருகி (கல்லுக்கு இடுப்பு ஏது, இருக்கிற மாதிரி செருகினேன்), மிச்சத்தைத் தலையில் முக்காடாகப் போட்டேன். தலையாரியைக் காவலுக்கு வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆடி வெள்ளி. அது மட்டும் என் கணக்கில் வரவில்லை.

சனிக்கிழமை கலெக்டரின் ஜீப் போய் நின்றபோது கல்லுக்கு மஞ்சள், குங்குமம், வேப்பிலை, எலுமிச்சம்பழ மாலை. பக்கத்தில் கூழ்ப்பானை. தலையாரி நெற்றி நிறையத் திருநீறோடு முதல் வரிசையில் நின்றான்.

தாசில்தாரின் முகத்தைப் பார்க்காமல் நேரே போய் முந்தானையில் கை வைத்தேன். பொன்னம்மா என்ற மீன்காரி குறுக்கே வந்தாள்.

"இன்னா சார், ஊரே பாத்துகினு கீது. பொம்பள சாமி கட்டிகினு கீற சேலைய அவுக்கிறியே?"

"அது என் பெண்சாதி சேலைம்மா."

"உம் பொண்டாட்டி கட்டிகினு நின்னாலும் நடு ஊர்ல அவுப்பியா?"

கும்பல் சிரித்தது. கலெக்டர் சிரிக்கவில்லை. பூட்சைக் கழற்றினார், கும்பிட்டார், குங்குமம் வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். தாசில்தார் என்னிடம் சொன்னது எழுத்தில் வைக்கத் தக்கதல்ல.

எல்லோரும் கலைந்த பிறகு பொன்னம்மாவிடம் கெஞ்சினேன். அவளுக்கும் கோபம் ஆறியிருந்தது. "ஆத்தாளுக்குக் குடுத்தத திருப்பிக் கேக்காத நைனா. உன் வூட்டுக்கு ஆவாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு திருப்போரூர் போனேன். நடந்ததைச் சொன்னேன். மாமனார் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கோமளா அழவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் அம்மாவின் பழைய நூல் புடவையில் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஆடிதோறும் அந்த அம்மனுக்கு ஒரு புடவை எடுத்துப் போவாள். நான் தள்ளி நின்று செருப்புக்குக் காவல் காப்பேன். என்னைப் பார்த்தாலே பொன்னம்மா, "குடுக்க வந்தியா, எடுக்க வந்தியா?" என்பாள். அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. நான் பீரோப் பக்கம் போனாலே யாராவது கேட்பார்கள். கோமளாவும் கேட்பாள், சிரித்துக்கொண்டேதான். நானும் எத்தனையோ பட்டு வாங்கிக் கொடுத்தேன். எதையும் அவள் குறை சொன்னதில்லை. ஆனால் கூறைப்புடவை என்பது கடையில் கிடைக்கிற சரக்கல்லவே. டச்சுக்காரர்களைப் பற்றி அந்தக் கல் சொல்வதையும், அதன்மேல் ஏறிய புடவைகளால், இன்றுவரை ஒருவரும் படித்ததில்லை.

கோமளா காலமான பிறகு ஒரு நாள், அவள் புடவைகளை உறவுக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாமென்று பீரோவைத் திறந்தேன்.

"குடுக்கவா மாமா, எடுக்கவா?" என்றாள் மருமகள், பழக்கதோஷத்தில். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. ஆனால் இந்தத் தடவையும் கோமளாவை ஒரு வார்த்தை கேட்கவில்லையே. பீரோவை மூடிவிட்டேன்.