ஆறு நிமிடக்காரர்

மேடை நகைச்சுவையாளர் என்றோர் இனம் நம் அல்மாட்டி நகரில் சமீப காலமாகப் பெருகிவருகிறது. நான் இவர்களை ஆறு நிமிடக்காரர்கள் என்பேன். தொலைக்காட்சியில் தலைக்கு ஆறு நிமிடம்தான் கொடுக்கிறார்கள்; அந்த ஆறு நிமிடத்துக்காக மீதி ஆயுள் முழுவதையும், தன்னுடையதையும் பிறத்தியாருடையதையும், செலவழிக்கத் துணிந்தவரே ஆறு நிமிடக்காரர்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். நீங்கள் வேடிக்கையாக ஏதாவது சொன்னால் சபையே சிரிக்கும், இவர் மட்டும் சிரிக்கமாட்டார். "நல்லாயிருக்கு" என்று மருத்துவரைப் போலத் தலையாட்டிவிட்டுப் போனில் எதையோ தட்டுவார். நீங்கள் வேதனைப்பட்டால் இன்னும் கவனமாகக் கேட்பார். சென்ற ஆண்டு எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது தௌரென் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குத்துகிறதா, இழுக்கிறதா, வலிக்கும்போது எந்தக் கண் மூடிக்கொள்கிறது என்றெல்லாம் விசாரித்தான். எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன். அடுத்த வியாழக்கிழமை என் பல் மேடையில் இருந்தது.

தௌரென் என் சித்தப்பா மகள் ஜிபெக்கின் கணவன். பகலில் ஜன்னல் விற்கும் கம்பெனியில் அளவெடுக்கிற வேலை. சாயங்காலமானால் காபிக் கடைகளில் மைக் பிடிப்பான். போக்குவரத்து நெரிசல், தெற்கிலிருந்து சொல்லாமல் வந்திறங்கும் உறவினர், குளிரில் கிளம்ப மறுக்கும் கார் என்று ஊரில் எல்லோரும் சொல்வதையே அவனும் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் கிடைக்கிற சிரிப்பு அவனுக்கும் கிடைத்தது. அத்தோடு விட்டிருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும்.

தொலைக்காட்சி தன் நகைச்சுவைப் போட்டிக்கு அழைத்தது. நிகழ்ச்சியை நடத்தும் சாமால் என்ற அம்மாள் அவனுடைய ஆறு நிமிடத்தையும் கன்னத்தில் கைவைத்தபடி கேட்டாள்.

"எல்லாம் சரிதான் தம்பி. ஆனா இதையெல்லாம் நான் இன்னைக்கே நாலு பேர்கிட்ட கேட்டாச்சு. உன் வீட்ல மட்டும் நடந்தது ஒண்ணு இருக்கா?"

இருந்தது. அதுதான் வினை.

ஜிபெக்கின் அப்பா ஒராஸ்பாய், என் சித்தப்பா, ரயில்வேயில் முப்பது வருடம் ஊரை அதட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். அவர் கண் கலங்கிப் பார்த்தவர்கள் யாருமில்லை. ஒரே மகளைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்பிய அன்று, பெண்ணைக் காரில் ஏற்றும் நேரத்தில், அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டார். அன்று தெரு முழுவதற்கும் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். கதவுக்கு வெளியே நின்றவன் தௌரென் ஒருவன்தான். ஜிபெக்கிடம் மட்டும் சொன்னான். அவள் வெகுநேரம் அழுதாள். வேறு யாரிடமும் சொல்லக் கூடாதென்று அவனிடம் சத்தியம் வாங்கினாள்.

இப்போது அவன் அந்தச் சத்தியத்திலிருந்து விடுதலை கேட்டான்.

"அது அப்பாவோடது தௌரென். உன்னோடது இல்ல."

"கேட்டது என் காதுதானே?"

"இத்தனை வருஷத்துல அவர் அழுதது அந்த ஒரு தடவைதான். அதை விட்டுடு. வேணும்னா என்னைப் பத்திச் சொல்லு. நான் குறட்டை விடறதைச் சொல்லு."

"குறட்டையை எல்லாரும் சொல்லிட்டாங்க. பேரைச் சொல்லமாட்டேன். போதுமா?"

"எனக்கு எத்தனை அப்பா இருக்காங்க?"

 அவன் அந்தக் கேள்வியையும் தன் ஆறு நிமிடத்தில் சேர்த்துக்கொண்டான். மேடையில் அதற்குத் தனியாகக் கைதட்டல் விழுந்தது.

நிகழ்ச்சி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை டிவியில் வருகிறானென்று சித்தப்பா உறவினர் பத்தொன்பது பேரைக் கூப்பிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். குழாய் வந்தது. அரங்கம் உருண்டு புரண்டு சிரித்தது. எங்கள் கூடத்தில் கரண்டிச் சத்தம்கூட இல்லை. சித்தப்பா முடிவுவரை பார்த்தார், பிறகு எல்லோருக்கும் தேநீர் ஊற்றச் சொன்னார். எனக்கு அவரை ஏறிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரமே ஆடு அறுத்து, மகளையும் மாப்பிள்ளையையும் விருந்துக்கு அழைத்தார். மன்னித்துவிட்டார் என்று ஜிபெக் மகிழ்ந்துபோனாள். எப்போதும் "வாடா மகனே" என்பவர், அன்று வாசலில் "வாங்க, உட்காருங்க" என்றார். எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு நெஞ்சுக்கறி வைப்பது வழக்கம். அதில்தான் உரிமை இருக்கிறது. ஆட்டுத் தலை, வெளியிலிருந்து வந்த பெரிய விருந்தாளிக்கு. அப்பா உயிரோடிருக்கிற பிள்ளைகள் அதைத் தொடுவதில்லை. சித்தப்பா தன் கையாலேயே தட்டைத் தூக்கி, தலையின் மூக்கு தௌரெனைப் பார்க்கும்படி அவன் முன்னால் வைத்தார். 

"மாமா, எங்கப்பா உயிரோட இருக்காரு. நான் தலையில கை வைக்கக் கூடாது."

"அது வீட்டுப் பிள்ளைங்களுக்கு. நீங்க விருந்தாளி, டிவியில வர்றவர்" என்றார் சித்தப்பா. சற்று நிறுத்தி, "தண்ணி வருது. கையைக் கழுவிட்டு வாங்க" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜிபெக் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தௌரென் கையைக் கழுவிவிட்டு வந்து தலையிலிருந்து ஒரு துண்டு அறுத்துத் தின்றான்.

திரும்பும்போது காரில் மூன்றாவது சிக்னல்வரை அவன் வாய் திறக்கவில்லை. வருந்துகிறான், மன்னிப்புக் கேட்கத் தைரியம் சேர்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து அவள் அவன் தோளில் கை வைத்தாள். அப்போது அவன் சொன்னான்:

"தண்ணி வருதுன்னு சொல்றதுக்கு முன்னாடி உங்கப்பா ஒரு இடைவெளி விட்டாரே, அது எவ்வளவு நேரம்னு கவனிச்சியா? எனக்கு மேடையில அது வரவே மாட்டேங்குது."

அவள் அந்த சிக்னலிலேயே இறங்கி, வந்த வழியே அப்பா வீட்டுக்கு நடந்தாள். மூன்று வாரமாகிறது, இன்னும் அங்கேதான் இருக்கிறாள். தௌரென் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

காருக்குள் நடந்தது எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? ஜிபெக்தான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "உங்களோட இருக்கட்டும் அண்ணா" என்று அழுதபடி சொன்னாள். என்னோடுதான் வைத்திருந்தேன், இதை எழுத உட்காரும்வரை. நீங்கள் ஆறு நிமிடக்காரர் அல்ல, தெரியும். குழாய் விஷயத்தில் உங்கள் உதடு லேசாக விரிந்தது தற்செயல்தான். நாளைக்கு அலுவலகத்தில் யாரிடம் இதைச் சொல்வதென்று இந்நேரம் முடிவு செய்திருப்பீர்கள், நான் தடுக்கவில்லை. பெயர்களையாவது மாற்றிச் சொல்லுங்கள். எனக்கு அது தோன்றாமல் போயிற்று.