இடது காலுக்கு ஒரு கார்

இனிமேல் எண்ணூருக்குப் பஸ்ஸில் போவதில்லை என்று ஒரு தவக்காலத்தில் முடிவு செய்தேன். ராயபுரத்தில் மற்றவர்கள் எல்லாம் கறியை விட்டார்கள். நான் பஸ்ஸை விட்டேன்.

பெயர் ஸ்டானிஸ்லாஸ். தொழில் பழைய இரும்பு. படிப்பு நாலாங்கிளாஸ், பேரத்தில் பி.ஏ. ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது கப்பல் சங்கிலி ஒன்று இடது கணுக்காலில் விழுந்தது. எந்த இரும்பு என்னைச் சாய்த்ததோ அதையே எடைக்கு வாங்கி எடைக்கு விற்று நிமிர்ந்தேன். நான் நிமிர்ந்தேன், கால் நிமிரவில்லை.

எண்ணூர்ப் பக்கம் ஃபேக்டரிகளில் கழிவு இரும்பை ஏலம் விடுவார்கள். காரில் வருகிறவனுக்கு வாட்ச்மேன் சலாம் வைத்து கேட்டைத் திறப்பான். பஸ்ஸில் இறங்கி நொண்டிக்கொண்டு போகிற என்னைப் பார்த்து, "தர்மம் எல்லாம் வெள்ளிக்கிழமைதான்" என்பான். அவனோடு சண்டை போட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போவதற்குள் ஏலம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். ஆகஸ்டில் ஒரு பெரிய பாய்லர் ஏலத்துக்கு வருகிறது. யானை மாதிரி பாய்லர். அதற்குள் கார் வந்தால் நான் முதலாளி. வராவிட்டால் வெள்ளிக்கிழமை தர்மம்தான்.

டயர் கடை ஷாகுல் ஹமீது வழி சொன்னான்.

"மாமு, எல்லாருக்கும் காரு புக் பண்ணா ஏழு வருசம் ஆவும். உனுக்கு ஆறே மாசம்."

"நான் இன்னா மந்திரி மச்சானா?"

"நீ நொண்டியாச்சே. ஊனமானவங்களுக்குத் தனி கோட்டா கீது. காரை பேங்கே வாங்கி உன் கையில குடுப்பான். நீ மாசா மாசம் கட்டிகினு வா. ஒரே ஒரு கண்டிசன். பாதிக்கு மேல ஊனம்னு பெரியாஸ்பத்திரி டாக்டர் எழுதித் தரணும்."

வேறு எவனாவது என்னை நொண்டி என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அவனுக்கும் அந்தக் கோட்டாவில் இடம் கிடைத்திருக்கும். ஷாகுலை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் என் சம்சாரம் பிலோமி வவ்வால் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நல்ல யோசனை" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சொல்லாத இரண்டு வார்த்தை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"இன்னாடி, கேட்டவுடனே ஒத்துக்கினே?"

"பதினோரு வருசமா உன் காலுக்கு வென்னி ஒத்தடம் குடுத்து என் கைதான் ஊனமாப் பூட்ச்சி. ஆஸ்பத்திரிக்குப் போய்யான்னா கத்துவ. காராவது வரட்டும்."

"பாரம் இங்கிலீசுல கீது."

"நான் டீச்சரம்மாவாண்ட குடுத்து நெரப்பிக்கறேன். டாக்டராண்ட சீட்டும் நானே வாங்கறேன். நீ காலை மட்டும் எடுத்துகினு வா."

அன்று பிடித்தது கவலை. இரண்டு காலில் ஒன்று போனால் பாதி. சட்டம் கேட்பது பாதிக்கு மேல். அந்த 'மேல்' எங்கிருந்து வரும்? கணுக்காலை வைத்து டாக்டர் கால்வாசி என்று எழுதிவிட்டால்? சோறு இறங்கவில்லை. கணுக்காலோடு முழங்கால், இடுப்பு எல்லாம் சேர்த்து நொண்டிப் பழகினேன். வாசலுக்கும் அடுப்புக்கும் பத்து நடை.

"யோவ்" என்றாள் பிலோமி. "நீ இஸ்துகினு போறது நல்ல காலு."

ஈஸ்டர் முடிந்த வாரம் டாக்டர் வரலட்சுமி முன்னால் உட்கார்ந்தேன். பிலோமி என் பின்னால் நின்றாள். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்பு கோணலா ஒட்டியிருக்கு. பிரிச்சி நேரா வச்சிடலாம்."

"அது பாட்டுக்கு கோணலாவே இருக்கட்டும் டாக்டர். பாதிக்கு மேல தேறுமா?"

"சரி பண்ணக்கூடிய காலுக்கு நிரந்தர ஊனம்னு எப்படி எழுதறது? முதல்ல ஆபரேஷன். அதுக்கப்புறமும் ஊனம் மிச்சம் இருந்தா, அதுக்குத்தான் சர்ட்டிபிகேட்."

எழுந்துவிட்டேன். கத்தி என்றால் எனக்கு மீனோடு சரி. "நீங்களும் வேணாம், உங்க கையெழுத்தும் வேணாம்" என்று கதவுவரை போய்விட்டேன்.

"எட்டு வாரம் படுக்கணும்" என்றார் டாக்டரம்மா என் முதுகைப் பார்த்து.

நின்றேன். என்னிடம் எவரும் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அப்படியே வைத்துக்கொண்டு போனதில்லை.

"எட்டா? எந்த ஊர்ல எட்டு? மூணு."

"ஏழு."

"நாலு. அதுவே ஜாஸ்தி. நான் இரும்பு தூக்கின ஒடம்பு."

"ஆறு. அதுக்குக் கீழே கட்டுப்படி ஆகாது."

எம்.பி.பி.எஸ். படித்தவர் கட்டுப்படி பற்றிப் பேசுகிறாரே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. சூடு ஏறிவிட்டது.

"அஞ்சு. இஷ்டம்னா பாருங்க, இல்லன்னா நான் கெளம்பறேன்."

"சரி, அஞ்சு" என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

அப்புறம்தான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. எங்கள் இரும்பு பஜாரில் நீ ஒரு விலை சொல்லி, எதிராளி சரி என்றுவிட்டால் சரக்கு உன்னுடையது. பின்வாங்கினவன் கடையில் அப்புறம் ஈ கூட உட்காராது. நான் ஆபரேஷனை வாங்கிவிட்டேன்.

ஒரே ஆறுதல் இருந்தது. கத்தி பட்ட கால் இன்னும் கெடும். கெட்டால் பாதிக்கு மேல் என்ன, முக்காலே போடலாம். கார் நிச்சயம்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாவது வாரம் அந்த ஆறுதலிலும் மண் விழுந்தது.

"பிலோமி, வலி கொறையுது" என்றேன் கட்டிலில் இருந்து, இழவுச் செய்தி சொல்வதுபோல.

"மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தறேன்."

"ஏத்து. ஆனா இன்னாத்துக்குன்னு வாயத் தொறந்து வேண்டிக்காதே."

வலி குறையக் குறைய எனக்குப் பயம் கூடியது. காலையில் கண் விழித்ததும் கட்டுக்குள்ளே கட்டைவிரலை அசைத்துப் பார்ப்பேன். வலிக்காது. வியர்த்துவிடும். தினமும் தூக்குச் சட்டியில் பிலோமி கொண்டுவரும் ஆட்டுக்கால் சூப்தான் உள்ளே புகுந்து வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தேன். அவள் போனதும் அதைப் பக்கத்துக் கட்டில் செல்வநாதனிடம் தள்ளினேன். ரயில்வேயில் வேலை செய்கிறவர், தொடை எலும்பு முறிந்து மாசக்கணக்காக அதே கட்டிலில் கிடந்தவர். பத்தாவது நாள் எழுந்து வார்டைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தார். பிலோமி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து நான் கடைசிச் சொட்டை விழுங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

செல்வநாதன் வீட்டுக்குப் போகிற அன்று நன்றிக்கடனாக என் காதருகில் குனிந்தார்.

"உன் சம்சாரம் பலே ஆளுப்பா. சீட்டு வாங்க வந்த அன்னிக்கு இந்தக் கட்டிலாண்டதான் டாக்டரம்மாவைப் புடிச்சிது. உன் காலு கதையைக் கேட்டுட்டு, ஆபரேஷனுக்கு அஞ்சு வாரம் போதும்னாங்க. அதுக்கு இது, 'அஞ்சுன்னு உண்மையச் சொன்னீங்கன்னா அவரு ஓடிப்பூடுவாரு. எட்டுன்னு ஆரம்பிங்க. அவரே அஞ்சுக்கு இஸ்துகினு வந்துடுவாரு'ன்னுச்சி."

உச்சந்தலை கொதித்தது. பத்து வருஷம் ஊரையே பேரத்தில் கவிழ்த்தவனை, இரண்டு பொம்பளைகள் ஒரு எண்ணை வைத்துக் கட்டிலில் போட்டிருக்கிறார்கள். சண்டை போடலாம் என்றால் கால் மாவுக்கட்டில். சரி, இருக்கட்டும். கடைசிப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. அன்றைக்கு என் வாயிலிருந்து ஒரு எண்ணும் வராது. நொண்டல் மட்டும்தான் வரும். கார் எனக்குத்தான்.

ஐந்தாம் வாரம் கட்டைப் பிரித்தார்கள். இறங்கினேன். பதினோரு வருஷமாகத் தரையைத் தொடாத குதிகால் பச்சென்று தரையில் உட்கார்ந்தது. சில்லென்று இருந்தது. வலி ஒரு பொட்டு இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாய்லரை நினைத்துத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நடங்க" என்றார் டாக்டரம்மா.

நடந்தேன். அந்த மாதிரி நொண்டலை எந்த ஆஸ்பத்திரியும் பார்த்திருக்காது. மேஜையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, ஜன்னலைப் பிடித்து வந்து நின்றேன்.

"வலிக்குதா?"

"உசிரு போவுது டாக்டர்."

டாக்டரம்மா புதுப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலும்பு நேராத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு வலின்னா உள்ளே ஏதோ இருக்கணும். மறுபடியும் பிரிச்சிப் பார்த்துடலாம். எட்டு வாரம்."

'மூணு' தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்தேன். 'நாலு' வந்தது. விழுங்கினேன். நெற்றியில் வேர்வை ஓடியது. ஆனால் வாய் திறக்கவில்லை. எண் சொல்லாதவனிடம் எதை விற்பார்கள்? ஜெயித்துவிட்டேன். மெதுவாகத் திரும்பிப் பிலோமியைப் பார்த்தேன்.

அவள் டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "அஞ்சுன்னா முடிச்சிக்கலாம் டாக்டர்."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

நான் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாலு தடவை நேராக, விறுவிறுவென்று நடந்து காட்டி, 'ஊனம் இல்லை' என்று கெஞ்சிக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.