ட்ரையல் மாஸ்டரும் என் பதினாறு இஞ்ச் பிளாட்பாரமும்

கடலூர் மாவட்டத்தில் சுனாமியைப் பார்த்தேன், புயலைப் பார்த்தேன், வருஷா வருஷம் வெள்ளத்தையும் பார்த்தேன். எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்துவிட்டேன். என்னால் சமாளிக்க முடியாமல் போனது சிதம்பரத்தில் இருந்த ஒரே ஒரு டெய்லரைத்தான்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கடை போர்டில் ஒரு காலத்தில் எழுதியிருந்ததாம். நான் பார்த்தபோது வெயிலில் வெளுத்துப்போய் ‘டெய்லர்ஸ்’ மட்டும்தான் மிச்சமிருந்தது. ஊரே அவரை ட்ரையல் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. வெட்டி நூல் ஓட்டி ஒரு ட்ரையல், பாதி தைத்து ஒரு ட்ரையல், முழுசாகத் தைத்து ஒரு ட்ரையல். தலையணை உறை தைக்கக் கொடுத்தவரிடம் தலையணையோடு வரச்சொன்ன ஆள் அவர்.

சிதம்பரத்துக்குக் குடிவந்த புதிதில் என் தலை தீபாவளி பேன்ட்டை அவரிடம்தான் கொடுத்தேன், யார் செய்த பாவமோ. நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், குந்தச் சொன்னார். வாசலில் யாரோ நிறுத்திவிட்டுப் போன மொபெட்டில் காலைத் தூக்கிப்போட்டு ஏறச் சொன்னார். தெருவே வேடிக்கை பார்த்தது. எதுக்கு மாஸ்டர் இதெல்லாம் என்றால், “சும்மா நிக்கறதுக்கா சார் பேன்ட் போடறோம்? நாள் பூரா இன்னா பண்றோமோ அதுக்குதான் தைக்கணும்” என்றார். சேத்தியாத்தோப்பில் மாமனார் வீட்டுக்குப் பழைய பேன்ட்டோடு போய் நின்றேன். புது பேன்ட் பொங்கலுக்கு வந்தது. அது கச்சிதமாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அப்போது எனக்குக் கடலூரில் ஒரு டிராயிங் ஆபீசில் வேலை. உள்ளாட்சிக்காரர்களுக்கு ரோடு, சாக்கடை, பிளாட்பாரம் எல்லாவற்றுக்கும் வரைபடம் போட்டுக்கொடுப்போம். வண்டிக்காரன் மட்டும் இல்லை, நடக்கிறவனும் பயமில்லாமல் போகிற மாதிரி தெரு அமைக்கணும் என்று பேச ஆரம்பித்திருந்த நேரம். சிதம்பரத்தில் ஒரு தெரு எங்களுக்கு வந்தது. ஒரு பக்கம் பெண்கள் பள்ளிக்கூடம், தெருக்கோடியில் ஆஸ்பத்திரி, நடுவில் ஓயாமல் டவுன் பஸ். வேலையைக் கூட இருந்து பார்க்கச் சொல்லி என்னை அங்கேயே அனுப்பினார்கள். நானும் என் மனைவி செல்வியும் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்தோம்.

பிளாட்பார வேலை ஆரம்பித்தபோது செல்விக்கு ஏழாம் மாசம். அதே தெரு வழியாகத்தான் செக்கப்புக்கு ஆஸ்பத்திரி போகணும். நான் ஊரில் இருந்தால் பைக்கில் கொண்டுபோய் விடுவேன். கடலூர் ஆபீசுக்குப் போகிற நாளில் அவள் நடந்துதான் போவாள். அதனாலேயே பிளாட்பாரம் மேல் எனக்குக் கூடுதல் அக்கறை. “இனிமே பஸ்ஸுக்குப் பயப்பட வேணாம். நீ பாட்டுக்கு மேல ஏறி ராணி மாதிரி நடந்து போ” என்றேன். சரி மாமா என்றாள்.

முதல் முப்பதடி ட்ரையல் மாஸ்டர் கடைக்கு எதிரிலேயே அமைந்தது. என் ஜாதகம் அப்படி. சிமெண்ட் காய்ந்த மறுநாள், கழுத்தில் இஞ்ச் டேப்போடு ரோட்டைக் கடந்து வந்தார். குனிந்து உயரத்தை அளந்தார். பதினாறு இஞ்ச் என்றார். தெரியும் என்றேன்.

“யார் அளவு சார் இது?”

பிளாட்பாரத்துக்கு யார் அளவும் கிடையாது மாஸ்டர், மழைத்தண்ணி ஏறக்கூடாது, பைக் ஏறக்கூடாது, அதுக்குத்தான் இந்த உயரம் என்று பொறுமையாக விளக்கினேன். பொறுமையாகத்தான்.

“தண்ணி ஏறாது. பைக் ஏறாது. சரி சார். ஆளு ஏறுமா?”

நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு தரம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இது இந்தத் தெருவுக்கு வெட்டினது இல்லை, வேற யாருக்கோ வெட்டினதைக் கொண்டுவந்து மாட்டியிருக்கீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். கையிலிருந்த வரைபடத்தைச் சட்டென்று சுருட்டிக்கொண்டேன். காரணம் இருந்தது. அந்த வரைபடம் கடலூரில் கடலோரத் தெரு ஒன்றுக்காகப் போட்டது. லேசாகத் தூறினாலே முழங்கால் தண்ணீர் நிற்கிற தெரு. அவசரத்தில் தெருப் பெயரை மட்டும் மாற்றி சிதம்பரத்துக்கு அனுப்பிவிட்டேன். எங்கள் முதலாளிக்கே தெரியாத விஷயம். ஜாக்கெட் தைக்கிற மனுஷன் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. கடை வாசலில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தார். துணி கொடுக்க வருகிற பெண்கள் எல்லோரும் அதில் ஏறிக் காட்டணும். ஒவ்வொரு பலகையாகக் கூட்டி, யாரால் எவ்வளவு உயரம் ஏற முடிகிறது என்று தன் அளவு நோட்டில் குறித்தார். ஜாக்கெட் கேட்டால் இன்னும் ஆகலை என்பார். ஊரில் பாதிப் பேருக்கு அந்த மாசம் துணி வரவில்லை. அத்தனை பேரும், உங்க பிளாட்பாரத்தாலதான் என்று என்னைத் திட்டினார்கள். நியாயமா இது?

மேஸ்திரியிடம் போய் அடுத்த முப்பதடி போடாதே என்று சொல்லிவைத்தார். கவுன்சிலரிடம் மனு கொடுத்தார். கவுன்சிலர் ஒருநாள் காலை நேரில் வந்துவிட்டார். சரி, இன்றோடு இந்த ஆள் தொல்லை தீர்ந்தது என்று நான் தெம்பாகப் போனேன். ஏழு இஞ்சுக்கு மேல் இந்தத் தெருப் பொம்பளைகள் பாதிப் பேரால் ஏற முடியாது, எல்லாம் நோட்டில் இருக்கு என்றார் மாஸ்டர். எங்கே காட்டு பார்க்கலாம் என்று கவுன்சிலர் கையை நீட்டினார்.

“அது மட்டும் முடியாதுங்க. அளவு நோட்ட வெளிய காட்டினா, அன்னியோட நான் டெய்லர் இல்ல.”

அத்தாட்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காட்ட மாட்டேன் என்கிற ஆளோடு என்ன பேசுவது? கவுன்சிலர் தலையில் கைவைத்துக்கொண்டார். மாஸ்டர் கடைக்குள் போய் ஒரு உள்பாவாடையும் ஒரு தலகாணியும் கொண்டுவந்தார். “யாருதுன்னு சொல்ல மாட்டேன். இத கட்டிக்கினு சார் ஒரு தடவ ஏறிக் காட்டட்டும். ஏறிட்டா இந்த நோட்ட நானே கிழிச்சிப் போட்டுடறேன்” என்றார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. கொடுய்யா என்று வாங்கி பேன்ட்டுக்கு மேலேயே கட்டிக்கொண்டேன். வயிற்றில் தலகாணியை வைத்து ஒரு துண்டால் இறுக்கிக் கட்டினார். ஒரு கையில் ஆஸ்பத்திரி பை மாதிரி ஒரு பையைக் கொடுத்தார். பள்ளிக்கூடம் விடுகிற நேரமில்லை, ஆனால் ஜன்னல் முழுக்கத் தலைகள்.

குனிந்து பார்த்தேன். தலகாணிதான் தெரிந்தது, காலே தெரியவில்லை. காலைத் தூக்கினேன். பாவாடை முழங்காலைப் பிடித்து நிறுத்தியது. பிடித்துக்கொள்ள கம்பமோ சுவரோ எதுவும் கிடையாது, ஏனென்றால் நான் வரைந்தபோது வைக்கவில்லை. இரண்டாம் தடவை எட்டிவைத்து, தடுமாறி, பின்னால் ரோட்டிலேயே வந்து நின்றேன். சரி, கொஞ்ச தூரம் தள்ளிப்போய்ப் பார்க்கலாம் என்று ஓரமாக நாலடி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் டவுன் பஸ் கிறீச்சென்று நின்றது. டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

“யோவ், அதான் பிளாட்பாரம் போட்டிருக்கான் இல்ல? மேல ஏறி நடந்தா இன்னா?”

கவுன்சிலர் சிரித்தார், மேஸ்திரி சிரித்தார், பள்ளிக்கூடமே சிரித்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. தலகாணியை அவிழ்த்து வாங்கிக்கொண்டு, தைத்ததைப் பிரிக்கறது ஒண்ணும் அவமானம் இல்லை சார் என்று மெதுவாகச் சொன்னார். அந்த நேரத்தில் அவர் ஆறுதல் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் அரைமணி நேரம் கத்தினேன். அந்த ஆள் ஒரு பைத்தியம், யாரோ ஒருத்தியின் பாவாடையை நடுத்தெருவில் என் இடுப்பில் கட்டிவிட்டான் என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“அது என்னுது மாமா. புடிக்குதுன்னு பிரிச்சி லூஸ் பண்ணக் குடுத்திருந்தேன். அன்னிக்கு நானும் அந்தப் பலகையில ஏறிக் காட்டினேன்.”

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அந்தப் பிளாட்பாரத்தில் அவள் ஒருநாள்கூட ஏறவில்லை. ரோட்டு ஓரமாகத்தான் போயிருக்கிறாள். நான் கடலூர் போயிருந்த ஒருநாள் பஸ் உரசிக்கொண்டு போய், பை கீழே விழுந்து, இவள் நின்ற இடத்திலேயே நடுங்கியிருக்கிறாள். மாஸ்டர்தான் மெஷினை விட்டு ஓடிவந்து, கடையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரி வரை கூடவே நடந்திருக்கிறார்.

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“நான் போட்ட பிளாட்பாரம், நான் போட்ட பிளாட்பாரம்னு அவ்ளோ பெருமையா சொல்லிக்கினு இருந்தீங்க. எப்பிடி சொல்றது? அவருகிட்டயும் நான்தான் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கினேன்.”

பதினாறு இஞ்ச் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கை, பக்கத்திலேயே இருந்த ஒருத்தியின் காலை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

மறுநாள் முதலாளியிடம் கடலூர் வரைபடக் கதையை ஒத்துக்கொண்டேன். அவர் திட்டியதைப் பத்திரிகையில் எழுத முடியாது. முப்பதடியையும் இடித்தோம். அந்தத் தெருவில் தண்ணீர் நிற்பதே இல்லை என்பதைக்கூட அப்போதுதான் விசாரித்தேன். புது உயரம் ஆறு இஞ்ச், இரண்டு முனையிலும் சரிவு, ஆஸ்பத்திரி எதிரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. அதையாவது நேராகப் போடவிட்டாரா? முதலில் மணல் மூட்டையும் பலகையும் வைத்து மூன்று ட்ரையல் பார்த்த பிறகுதான் சிமெண்டே கலக்கவிட்டார். மேஸ்திரி அழாத குறை. கடைசி செக்கப்புக்கு செல்வி அதில் ஏறித்தான் போனாள். நான் பைக்கை உருட்டிக்கொண்டு ரோட்டில் கூடவே போனேன்.

பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற அன்றைக்குக் கவுன் தைத்துத் தருகிறேன் என்று மாஸ்டர் தானாகவே சொன்னார். தரவில்லை. நாங்கள் கடலூருக்குக் குடிவந்துவிட்டோம். குழந்தைக்கு ஒன்றரை வயசானபோது ஒரு வேலையாக சிதம்பரம் போனோம். கவுன் தயாராக இருந்தது. போட்டுப் பார்த்தால் அளவெடுத்தது மாதிரி இருந்தது. லேட் ஆவும்னு தெரியும் சார், அதுக்கேத்த மாதிரி வெட்டினேன் என்றார் கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

வெளியே வந்ததும் குழந்தை என் கையை உதறிவிட்டு எதிர்ப் பக்கம் பிளாட்பாரத்தைக் காட்டினாள். கொண்டுபோய் விட்டோம். ஏறப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுதாள். எனக்குப் பின்னால் யாரோ கழுத்திலிருந்து டேப்பை உருவுகிற சத்தம் கேட்டது.

மாஸ்டர், தயவுபண்ணி விட்டுடுங்க என்றேன். அவர் காதில் விழுந்தால்தானே. மண்டிபோட்டு உட்கார்ந்து, குழந்தை கால் தூக்குகிற உயரத்தை அளந்து, செல்வியிடம் பெயர் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். எவ்வளவு என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றுவிட்டார்.

இந்த மாவட்டத்தில் எங்கே ரோடு போட்டாலும் எனக்கு இன்றைக்கும் அந்த ஆள் மேல் கோபம்தான் வருகிறது. ஆனால் செல்வி, குழந்தை இரண்டு பேர் கால் அளவும் அவரிடம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தால், மனசுக்கு ஒரு நிம்மதி.