முதுகு வலிக்காத நாற்காலி

"இதுல உட்கார்ந்தா முதுகு வலியே வராது சார்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவருக்கு, எழுந்திருக்க வரவில்லை.

நம்மாள் நாற்காலிக் கடை விற்பனையாளர். நாள் முழுக்க உட்கார்ந்து காட்டுவதுதான் உத்தியோகம். அவர் எழுந்தால் தானும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று வாடிக்கையாளர் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். நம்மாள் சிரித்த முகத்தோடு நாற்காலியின் அருமை பெருமைகளை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். கடைசியில் அந்த மனுஷன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

முதலாளி கல்லாவருகே நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பிருந்த விற்பனையாளர், பாவம், வாடிக்கையாளர் எதிரில் ஒரே ஒரு தடவை இடுப்பைப் பிடித்தார். "முதுகு வலிக்காரர வச்சு இந்த நாற்காலிய எப்படி விக்கிறது?" என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார் முதலாளி. நம்மாளுக்கோ மகள் கல்லூரியில் சேருகிற வருஷம். இந்த வேலை போனால் அவள் படிப்பும் போச்சு.

மறுநாள் சட்டைக்குள் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். கொஞ்ச நாள் சொர்க்கம். அப்புறம் பெல்ட் இல்லாமல் பல் தேய்க்கக்கூட நிற்க முடியவில்லை. இன்னும் இறுக்கினார். ஒரு தம்பதிக்குக் குனிந்து, நாற்காலியை ஏற்றி இறக்கும் கைப்பிடியைக் காட்டும்போது பெல்ட் 'பர்ர்' என்று பிய்த்துக்கொண்டது. நாற்காலி உடைகிறதா என்று அந்த அம்மாள் பதறிக் கேட்க, நம்மாள் வேறு வழியில்லாமல் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தார். வியாபாரம் போயே போச்சு.

மனைவி அவரைப் பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் அவருடைய அடிவயிற்றில் விரலை வைத்து, இருமச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டாள்.

"வயித்துக்குள்ள ஆழத்துல ஒரு தசை இருக்கு சார். இடுப்ப சுத்திப் பிடிச்சு முதுகெலும்பைத் தாங்க வேண்டியது அதோட வேல. நீங்க சாஞ்சுக்க நாற்காலி, தாங்கிக்க பெல்ட்டுன்னு குடுத்து அத நல்லாத் தூங்க வச்சிட்டீங்க. இப்ப பாரமெல்லாம் முதுகு தலையில."

மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை அடக்காமல் அடிவயிற்றை லேசாக உள்ளே இழுத்து, ஒவ்வொரு காலாக மெல்ல நீட்டி மடக்க வேண்டுமாம். காலையில் செய்தால் மட்டும் போதாதாம், உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்த மதியத்திலும் செய்ய வேண்டுமாம். மதியத்தில் எங்கே போவது? கடையில்தான்.

பின்னால் சரக்கு அறை. பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் படுக்க இடம் இருந்தது. கீழே அட்டைகூட விரித்திருந்தது. முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து நழுவிப் போய்ப் படுத்தார். வயிற்றை இழுத்தார். காலை நீட்டினார். அப்பாடா என்று இருந்தது.

கதவு திறந்தது. முதலாளி.

அலறியடித்து எழப் பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு கால் அந்தரத்தில் நிற்கிறது. இந்தக் கோலத்துக்கு எந்தப் பொய்யைச் சொல்வது?

"முதுகு வலி சார்" என்று உள்ளதைச் சொன்னார். "ரொம்ப நாளா. மன்னிச்சிருங்க."

முதலாளி கதவை உள்பக்கம் தாழிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றார். "அது என் இடம்."