மயில்கழுத்துப் பட்டும் மணமேல்குடி மீனும்

மணமேல்குடி,
பகுதானிய வருஷம் ஆவணி 12

மாமா ரத்தினவேல் பிள்ளை அவர்கள் சமுகத்துக்கு, மாப்பிள்ளை ஆத்மநாதன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் பாட்டிலில் ஒரு மீனும் க்ஷேமம். அவ்விடம் தாங்களும் அத்தையும் க்ஷேமமா என்பதையும், சொர்ணவல்லியின் கோபம் எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் எழுதக் கோருகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பெண்டாட்டியின் கல்யாணப் பட்டில் நாலு விரற்கடை கத்தரித்தவனுக்குப் புத்தி சுவாதீனந்தானா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. உப்பு இலாகா குமாஸ்தாவுக்கு, அதுவும் மீன் வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கொள்ளும் சைவனுக்கு, மீனோடு என்ன வேலை? எல்லாம் வைகாசியில் ஆரம்பித்தது. கடற்கரையில் ஆரோக்கியம்மாள் என்கிற மீன்காரி வலையை உதறிக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கும் ஆகாது என்று அவள் வீசப்போன குஞ்சு ஒன்று, என் சுண்டுவிரல் நீளங்கூட இருக்காது, அவள் உள்ளங்கையிலேயே முதுகுத் துடுப்பை விசிறி மாதிரி விரித்தது பாருங்கள், மாமா, நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனூண்டு உடம்பில் இவ்வளவு வேலைப்பாடா? "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். "கொழம்புக்கு ஆகாததுக்குப் பேரு எதுக்குங்க?" என்றாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. அவளிடமே அந்த ஜாதி மீன் இரண்டை வாங்கிச் சாராயத்தில் போட்டுச் சென்னையில் மீன் ஆராயும் ஒரு டாக்டருக்கு அனுப்பினேன். துடுப்பு முள்ளை எண்ணி எழுதும்படி பதில் வந்தது. இன்னொரு மீனை வாங்கிவந்து ஊசியும் பூதக்கண்ணாடியுமாக ஆபீசிலேயே எண்ணினேன். ஆறு முள், ஒவ்வொன்றும் மயிரிழை. எந்தப் புஸ்தகத்திலும் இல்லாத மீனாக இருக்கலாம், ஆனால் சாராயத்தில் நிறம் வெளுத்துவிட்டது, உயிரோடு இருக்கும்போது அதன் நிறம் என்ன என்று திட்டமாகத் தெரிவிக்கவும் என்று அடுத்த கடிதம். நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவி, கடல் தண்ணீரில் ஒன்றை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து எழுத உட்கார்ந்தேன். நீலம் என்று எழுதினேன், அடித்தேன். பச்சை என்று எழுதினேன், அதையும் அடித்தேன். பத்துக் காகிதம் வீணானது. கடைசியில் அந்த நிறத்தில் துணி ஏதாவது இருக்குமா என்று புடவைப் பெட்டியைத் திறந்தால், தாங்கள் கும்பகோணத்தில் எடுத்த மயில்கழுத்துப் பட்டு. பாட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அச்சு அசல் அதே நிறம். அதற்குப் பிறகு கத்தரிக்கோல் என் கைக்கு எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. துணியைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தபோது சொர்ணவல்லி முந்தானையை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஊறுகாய்ப் பாட்டில் போச்சு, பட்டுப் பொடவையும் போச்சு. இனிமே அந்த மீனையே ஒங்களுக்குச் சோறாக்கிப் போடச் சொல்லுங்க. நான் கீரனூருக்கு அப்பா வீட்டுக்குப் போறேன்" என்றாள். போயே விட்டாள்.

போன வாரம் டாக்டர் எழுதிவிட்டார்: உலகத்தில் இதுவரை யாரும் விவரிக்காத மீன், நிச்சயம். அதற்குப் பெயர் ஒன்று சொல்லும்படியும் கேட்டிருந்தார். சமாதானமாகப் போகட்டும் என்று சொர்ணவல்லியின் பெயரைக் கொடுத்து, அதை அவளுக்கும் எழுதினேன். சைவக் குடும்பத்துப் பெண் பெயரை மீனுக்கு வைப்பதா என்று தாங்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவள் இல்லாத வீடு எனக்குச் சகிக்கவில்லை, மாமா. ஆகையால் முருகன் சாட்சியாகச் சொல்கிறேன்: இனி மீன் பக்கம் திரும்பமாட்டேன், புடவைப் பெட்டியைத் தொடமாட்டேன், கத்தரிக்கோலையும் தையற்காரர் முனியசாமியிடம் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் அவளை அனுப்பிவைக்கவும்.

அத்தைக்கு என் வந்தனம். தங்கள் ஆசீர்வாதத்தை நம்பியிருக்கும்,
ஆத்மநாதன்

பின்குறிப்பு: உறையில் பசை தடவும்போது ஆரோக்கியம்மாள் வந்தாள். "அது பாட்டில்ல போட்டா பயத்துல நெறம் மாறிப் போயிருங்க. கடல்ல வந்து பாருங்க" என்றாள். முழங்கால் தண்ணீரில் இரண்டு நாழிகை அசையாமல் நின்றேன். மாமா, என்ன சொல்வேன். பயமில்லாதபோது அது மயில்கழுத்தே இல்லை. மாம்பழ மஞ்சள், ஓரத்தில் செம்பொன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டருக்குத் தப்பான நிறத்தை அனுப்பிவிட்டேன். அதே மாம்பழ மஞ்சளில் செம்பொன் கரை போட்ட பட்டைத்தான் சொர்ணவல்லி அன்று உடுத்திக்கொண்டு அங்கே வந்தாள். அதை நாளைக் காலை பஸ்ஸிலேயே அனுப்பிவிடவும். அவள் நிதானமாக வரலாம். முனியசாமியிடம் கத்தரிக்கோலைத் திரும்ப வாங்கிவிட்டேன்.